விமானத்திற்கும் மானியமா?

"தள்ளுபடி கொடுத்தால்தான் கைத்தறிச் சேலை விற்கும், மானியம் நின்றால் நெசவும் நின்றுவிடும்" என்று நம்மூரில் சிலர் பேசக் கேட்டிருக்கிறோம். பேசுகிறவர்களுள் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு என்பதுதான் வருத்தம். தறி ஓசையைக் கேட்டே வளர்ந்த நம்மில் பலருக்கு இந்தப் பேச்சு முள்ளாகத் தைக்கிறது. விடியும் முன் தறியில் இறங்கி, கண்ணும் காலும் ஓய உழைக்கும் நம் பெற்றோர் இனாமாகவா பிழைக்கிறார்கள்? மானியம் என்ற சொல்லைக் கேட்டதும் நாம் ஏன் தலைகுனிய வேண்டும்?

இதற்கு விடை காண, தறியை விட்டுச் சற்று ஆகாயத்தைப் பார்ப்போம். உலகில் செய்து விற்கப்படும் பொருள்களில் மிகவும் விலை உயர்ந்தவற்றுள் பயணிகள் விமானமும் ஒன்று. பெரிய பயணிகள் விமானங்களைச் செய்து உலகெங்கும் விற்கும் முதன்மையான கம்பெனிகள் இரண்டே: அமெரிக்காவின் போயிங், ஐரோப்பாவின் ஏர்பஸ். இவ்விரண்டும் செல்வத்தில் புரளும் கம்பெனிகள். ஆயினும், "உன் அரசாங்கம் உனக்கு மானியம் கொடுத்தது, அதனால்தான் நீ ஜெயித்தாய்" என்று இவற்றின் சார்பில் அரசாங்கங்கள் ஏறத்தாழ பதினேழு ஆண்டுகள் வழக்காடின. அந்த வழக்கின் கதையை அறிந்தால் நம் தறியின் கதையும் விளங்கும்.

மானியம் எத்தனை வகை?

மானியம் என்பது புதிய சொல் அன்று. வரி இல்லாமலோ குறைந்த வரிக்கோ விடப்பட்ட நிலத்தை மானிய நிலம் என்று நம் முன்னோர் அழைத்தனர். நம் ஆரணியே ஒரு காலத்தில் ஜாகீராக விளங்கிய ஊர். ஆகவே, கையில் பணம் கொடுப்பது மட்டுமே மானியம் அன்று. வர வேண்டிய வரியை வேண்டாம் என்று விடுவதும் மானியமே. இதை நன்கு மனத்தில் வைத்துக்கொள்வோம், பின்னால் தேவைப்படும்.

அரசாங்கம் ஒரு தொழிலுக்கு உதவும் வழிகளை ஐந்தாகப் பிரிக்கலாம். ஒன்று, நேரடியாகப் பணம் தருவது. இரண்டு, வரியையோ கட்டணத்தையோ குறைப்பது. மூன்று, குறைந்த வட்டிக்குக் கடன் தருவது, அல்லது வங்கிக் கடனுக்கு ஜாமீன் நிற்பது. நான்கு, அரசாங்கமே பொருளை வாங்கிக்கொள்வது. ஐந்து, போட்டியாளர் உள்ளே வராதபடி வேலி போடுவது.

இவற்றில் பலவும் நம் தறியைச் சுற்றியே இருக்கின்றன. 1935ஆம் ஆண்டில் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ் கடைகளில் தீபாவளியின்போது 30 சதவீதம் தள்ளுபடி என்று விளம்பரம் காண்கிறோம். தள்ளுபடி விற்பனைக்கு அரசாங்கம் சங்கங்களுக்குத் தரும் ஈட்டுத்தொகை முதல் வகை. கைத்தறி நெசவாளர் வீட்டிற்கு வழங்கப்படும் இலவச மின்சாரம் இரண்டாம் வகை. 1983இல் தொடங்கிய இலவச வேட்டி சேலைத் திட்டம் நான்காம் வகை. சில இரகங்களை விசைத்தறியில் நெய்யக் கூடாது என்று 1985இல் இயற்றப்பட்ட கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் ஐந்தாம் வகை. அச்சட்டத்தில் 2008 முதல் 11 இரகங்கள் இருக்கின்றன. கரை வைத்த பட்டுச் சேலை அவற்றுள் ஒன்று.

இனி, இந்த ஐந்து வகையும் விமானத் தொழிலிலும் எவ்வாறு உள்ளன என்று காண்போம்.

முதல் விமானம் ஏன் நட்டம்?

ஒரு புதிய பெரிய விமானத்தை வரைந்து, சோதித்து, பறக்க அனுமதி பெறுவதற்குள் பல ஆண்டுகள் கழிந்துவிடும். பல நூறு கோடி டாலர் செலவாகிவிடும். அதுவரை ஒரு காசு வருமானம் இல்லை. விற்கத் தொடங்கிய பிறகும் முதல் சில விமானங்கள் நட்டத்திலேயே போகும். ஏன்?

நம் வீட்டுத் தறியையே எடுத்துக்கொள்வோம். புதிய டிசைன் ஒன்று வந்தால், அதை முதலில் கட்டக் காகிதத்தில் வரைய வேண்டும். அட்டை குத்த வேண்டும். ஜக்கார்டு பெட்டியில் ஏற்ற வேண்டும். பாவு பிணைக்க வேண்டும். முதல் சேலையில் இழை தவறும், புட்டா பிசகும், வேலை இழுக்கும். இரண்டாம் சேலையில் கை பழகும். பத்தாம் சேலையில் கை தானே ஓடும். கூலி ஒன்றுதான், ஆனால் பிடிக்கும் நாள் குறைகிறது.

விமானத் தொழிற்சாலையிலும் இதே உண்மைதான். டி. பி. ரைட் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர் 1936இல் இதைக் கணக்காகவே எழுதி வைத்தார். செய்த விமானங்களின் எண்ணிக்கை இரட்டிக்கும்போதெல்லாம் ஒரு விமானத்திற்கு வேண்டிய உழைப்பு சுமார் 20 சதவீதம் குறைகிறது என்பது அவர் கண்டது. முதல் விமானத்திற்கு 100 பங்கு உழைப்பு என்றால், இரண்டாவதற்கு 80, நான்காவதற்கு 64, எட்டாவதற்கு சுமார் 51.

இதிலிருந்து ஒரு பெரிய விளைவு பிறக்கிறது. முன்பே நூற்றுக்கணக்கில் செய்து பழகியவனிடம், புதிதாகத் தொடங்குகிறவன் விலையில் போட்டியிட முடியாது. திறமை இருந்தாலும் முடியாது. பழகும் வரை யாரேனும் நட்டத்தைத் தாங்கிக்கொண்டால்தான் புதியவன் நிலைக்க முடியும். அந்த "யாரேனும்" பெரும்பாலும் அரசாங்கமாகவே இருந்து வந்திருக்கிறது.

ஏர்பஸ் பிறந்த கதை

1960களில் பயணிகள் விமானச் சந்தையில் போயிங், டக்ளஸ், லாக்ஹீட் முதலிய அமெரிக்கக் கம்பெனிகளே கொடி கட்டிப் பறந்தன. ஐரோப்பிய நாடுகள் தனித்தனியே முயன்று தளர்ந்தன. பின்னர் பிரான்சும் ஜெர்மனியும் கைகோத்து 1970இல் ஏர்பஸ் கூட்டு நிறுவனத்தைத் தொடங்கின. ஸ்பெயினும், பிறகு பிரிட்டனும் அதில் சேர்ந்தன. அதன் முதல் விமானமான ஏ-300 1972இல் பறந்தது; 1974இல் சேவைக்கு வந்தது. தொடக்கத்தில் வாங்குவோர் மிகச் சிலரே. ஐரோப்பாவிற்கு வெளியே முதன்முதலில் இதை வாங்கியவர்களுள் நம் நாட்டு இந்தியன் ஏர்லைன்ஸும் ஒன்று. 1976இல் அந்த விமானம் இந்திய வானத்தில் பறக்கத் தொடங்கியது.

அந்த வறண்ட ஆண்டுகளில் ஏர்பஸைத் தாங்கியது "தொடக்க உதவி" என்ற கடன். புதிய விமானத்தைத் தயாரிக்கும் செலவில் ஒரு பகுதியை அரசாங்கங்கள் கடனாகக் கொடுத்தன. விமானம் விற்க விற்க, ஒவ்வொன்றின் விலையிலிருந்தும் ஒரு தொகை அரசாங்கத்திற்குத் திரும்பும். விமானம் விற்காவிட்டால்? கடனும் திரும்பாது. அதாவது இலாபத்தில் பங்கு கேட்பதைவிட, நட்டத்தில் பங்கு எடுத்துக்கொள்ளும் கடன் இது. எந்த வங்கியும் இப்படிக் கடன் கொடுக்காது.

அமெரிக்கா மட்டும் சும்மா இருந்ததா?

"நாங்கள் சொந்தக் காலில் நிற்கிறோம், ஐரோப்பியர்தாம் ஊன்றுகோல் பிடிக்கிறார்கள்" என்றது அமெரிக்கத் தரப்பு. இது முழு உண்மை அன்று. போயிங் 1954இல் தன் சொந்தப் பணத்தில் ஒரு மாதிரி விமானம் செய்தது என்பது மெய்தான். ஆனால் அதன் வழியில் பிறந்தவை இரண்டு: ஒன்று அமெரிக்க விமானப் படைக்கான எரிபொருள் விமானம், மற்றொன்று 707 என்ற பயணிகள் விமானம். படைக்கு நூற்றுக்கணக்கில் செய்து கை பழகியது பயணிகள் விமானத்திற்கும் பயன்பட்டது. அரசாங்கமே வாங்குபவராக நின்றது. இது நாம் மேலே கண்ட நான்காம் வகை.

1971இல் லாக்ஹீட் கம்பெனி கடனில் மூழ்கும் நிலைக்கு வந்தது. அதன் டிரைஸ்டார் விமானத்திற்கு இயந்திரம் செய்துவந்த பிரிட்டனின் ரோல்ஸ்-ராய்ஸ் அதே ஆண்டில் திவாலாகி, பிரிட்டிஷ் அரசாங்கத்தின் கைக்குப் போனது. லாக்ஹீட் பெறும் வங்கிக் கடனில் 25 கோடி டாலர் வரை ஜாமீன் நிற்க அமெரிக்க அரசாங்கம் சட்டம் செய்தது. அமெரிக்க மேலவையில் அது நிறைவேறியது ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில். இது மூன்றாம் வகை. போயிங்கின் பெரும் தொழிற்சாலைகள் உள்ள வாஷிங்டன் மாநிலமோ 2003இலும் 2013இலும் வரிச் சலுகைகள் அளித்தது. இது இரண்டாம் வகை. நம் பழைய மானிய நிலத்தின் தம்பி!

வழக்கும் தீர்ப்பும்

இரு தரப்பும் 1992இல் ஓர் உடன்பாடு செய்துகொண்டன. புதிய விமானத்தின் தயாரிப்புச் செலவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அரசாங்கம் நேரடியாக உதவக் கூடாது என்பது அதன் முக்கிய விதி. 2004 அக்டோபரில் அமெரிக்கா அந்த உடன்பாட்டிலிருந்து விலகி, உலக வர்த்தக அமைப்பில் வழக்குத் தொடுத்தது. ஐரோப்பாவும் அதே நாளில் எதிர் வழக்குத் தொடுத்தது.

வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நீண்டன. முடிவில், ஐரோப்பா கொடுத்த உதவியிலும் விதிமீறல் உண்டு, அமெரிக்கா கொடுத்த உதவியிலும் விதிமீறல் உண்டு என்று தீர்ப்பாயிற்று. 2019இல் ஆண்டுக்கு 750 கோடி டாலர் மதிப்புள்ள ஐரோப்பியப் பொருள்கள் மீது தண்டனை வரி விதிக்க அமெரிக்காவிற்கு அனுமதி கிடைத்தது. மறு ஆண்டு, ஏறத்தாழ 400 கோடி டாலர் மதிப்புள்ள அமெரிக்கப் பொருள்கள் மீது வரி விதிக்க ஐரோப்பாவிற்கு அனுமதி கிடைத்தது.

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய செய்தி இருக்கிறது. அந்த வரி விமானங்களின் மீது மட்டும் விழவில்லை. ஸ்பெயின் நாட்டு ஆலிவ் காய், பிரெஞ்சுத் திராட்சை மது, பாலாடைக்கட்டி ஆகியவற்றின் மீதும் 25 சதவீத வரி விழுந்தது. பதிலுக்கு ஐரோப்பா அமெரிக்க டிராக்டர்கள் மீதும் வரி போட்டது. விமானத்தையே செய்யாத உழவனும் பால்காரனும் விமானச் சண்டைக்கு அபராதம் கட்டினார்கள். இரண்டு யானைகள் மோதினால் நசுங்குவது காலடிப் புல்தானே!

பிறகு இரு தரப்பும் சற்று இறங்கி வந்தன. 2020இல் வாஷிங்டன் மாநிலம் போயிங்கிற்குரிய முக்கிய வரிச் சலுகையை விலக்கிக்கொண்டது. அதே ஆண்டில் ஏர்பஸ், பிரான்சிடமும் ஸ்பெயினிடமும் பெற்ற கடனுக்குச் சந்தை வட்டி கட்ட ஒப்புக்கொண்டது. 2021 ஜூனில், தண்டனை வரிகளை ஐந்தாண்டுகள் நிறுத்தி வைப்பதென முடிவாயிற்று. இதற்கிடையே சீன அரசாங்கம் 2008இல் தொடங்கிய காமாக் நிறுவனத்தின் சி-919 விமானம் 2023இல் பயணிகளை ஏற்றத் தொடங்கிவிட்டது. இருவர் வழக்காடிக்கொண்டிருக்க, மூன்றாமவர் தறியைப் பூட்டிவிட்டார்.

உதவி எல்லாம் பலித்ததா?

இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பிரிட்டனும் பிரான்சும் பொதுப்பணத்தை வாரி இறைத்து, ஒலியைவிட விரைந்து செல்லும் கான்கார்டு விமானத்தைச் செய்தன. மாதிரிகளையும் சேர்த்து 20 மட்டுமே கட்டப்பட்டன. 1976 முதல் 2003 வரை பறந்து அது ஓய்ந்தது. உலகம் வியந்தது, வாங்குவார் இல்லை. ஏர்பஸின் ஏ-380 என்ற இரண்டடுக்கு விமானமும் அரசாங்கக் கடன் பெற்றதே. 251 விமானங்களோடு 2021இல் அதன் உற்பத்தி நின்றது. மாறாக, ஏ-300இல் கற்ற கை பின்னர் ஏ-320 என்ற விமானத்தைச் செய்தது. இன்று நம் நாட்டு விமான நிலையங்களில் நாம் மிகுதியாகக் காண்பது அந்தக் குடும்பத்து விமானங்களையே.

நம் நாட்டிலும் இதற்குப் பாடம் உண்டு. இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம், பிரிட்டிஷ் உரிமம் பெற்ற ஆவ்ரோ 748 விமானங்களைக் கான்பூரில் கட்டியது. முதல் விமானம் 1961இல் பறந்தது. இந்தியன் ஏர்லைன்ஸும் அவற்றை வாங்கியது. ஆனால் அடுத்த அடி தொடரவில்லை. பெங்களூரில் வடிவமைக்கப்பட்ட சரஸ் என்ற சிறு விமானம் 2004இல் பறந்தது. 2009இல் அதன் மாதிரி ஒன்று சோதனையின்போது விழுந்து மூன்று வீரர்கள் உயிரிழந்தனர். பயணிகள் சேவைக்கு அது வரவில்லை. ஒரு முறை உதவிவிட்டு நடுவே விட்டால், கற்ற கை மறந்துபோகும்.

மீண்டும் நம் தறிக்கு வருவோம்

விமானக் கதையிலிருந்து நாம் பெறும் முதல் பாடம் இது: அரசாங்க உதவி பெறுவது இழிவு அன்று. கோடிக்கணக்கில் புரளும் கம்பெனிகளே அதைப் பெறுகின்றன. அதற்காக வெட்கப்படுவதில்லை, வழக்காடுகின்றன. பாவு வாங்க முன்பணம் தேடும் நெசவாளர் மட்டும் ஏன் கூச வேண்டும்?

ஆனால் பாடம் அத்துடன் முடியவில்லை. எந்த மானியத்தைக் கண்டாலும் நாம் மூன்று கேள்விகள் கேட்கப் பழக வேண்டும்.

முதல் கேள்வி: இந்த உதவியின் சுமையை யார் தாங்குகிறார்கள்? கச்சாப் பட்டின் இறக்குமதி வரியை 2011இல் மத்திய அரசு 30 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைத்தது. சீனப் பட்டு மலிவாக வரும் என்று நெசவுத் தொழில் மகிழ்ந்தது. ஆனால் ஓசூரிலும் தருமபுரியிலும் மல்பெரி பயிரிட்டுப் புழு வளர்க்கும் குடும்பங்கள் கூட்டின் விலை விழும் என்று கலங்கின. 2013இல் வரி 15 சதவீதமாக உயர்ந்தது. கூட்டு வளர்ப்பவருக்கு நிம்மதி. நூல் வாங்குபவருக்குச் சுமை. நமக்கு வந்த உதவி இன்னொரு ஏழையின் சட்டியிலிருந்து எடுத்ததாக இருக்கக் கூடாது என்று நினைப்பது நம் கடமை.

இரண்டாம் கேள்வி: போட்டியாளருக்கு என்ன கிடைக்கிறது? 2023 முதல் நம் மாநிலத்தில் கைத்தறி நெசவாளருக்கு இரு மாதத்திற்கு 300 யூனிட் மின்சாரம் இலவசம். விசைத்தறிக்கு 1000 யூனிட் இலவசம். விசைத்தறிக்காரரும் உழைப்பாளியே, அவர் மீது நமக்குப் பகை இல்லை. ஆனால் மானியத்தால்தான் கைத்தறி வாழ்கிறது என்று பேசுகிறவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்துப் பேச வேண்டும். போயிங்கும் ஏர்பஸும் போல, இங்கும் இரு பக்கமும் உதவி இருக்கிறது.

மூன்றாம் கேள்வி: உதவி கையைப் பழக்குகிறதா, சரக்கைத் தள்ளுகிறதா? இதுவே தலையாய கேள்வி. தள்ளுபடி விற்பனை தேங்கிய சேலையை நகர்த்தும், அதுவும் வேண்டியதே. ஆனால் தள்ளுபடிக் காலம் வரை காத்திருக்கும் வாங்குபவர், அது முடிந்ததும் போய்விடுவார். ஈட்டுத்தொகை சங்கத்திற்கு வந்து சேரும் வரை முதலும் முடங்கும். புதிய டிசைன் வரையவும், அட்டை குத்தவும், முதல் சேலையில் வரும் நட்டத்தைத் தாங்கவும் கொடுக்கும் உதவியோ வேறு வகை. ஏ-300 விற்காத ஆண்டுகளைத் தாங்கியதால் ஏ-320 பிறந்தது போல, அது நாளைய தொழிலை வளர்க்கும். ஆரணிப் பட்டிற்குப் புவிசார் குறியீடு கிடைத்திருப்பது நம் பேரைக் காக்கும் வேலி. வேலி மட்டும் பயிர் ஆகாது. உள்ளே புதிது புதிதாக விதைக்க வேண்டும்.

தோழியரே! விதைக்க வேண்டியவர்கள் நாமே. நம்மில் பலர் படித்து வேறு வேலைக்குப் போவோம்; அதில் தவறில்லை. ஆனால் கணிப்பொறியில் டிசைன் வரையத் தெரிந்தவள், கணக்கு எழுதத் தெரிந்தவள், சங்கத்தின் விதிகளைப் படித்துக் கேள்வி கேட்கத் தெரிந்தவள் ஒருத்தி வீட்டில் இருந்தால், அந்த வீட்டுத் தறிக்கு அதுவும் பெரிய உதவியே. இன்று மாலை வீட்டில் கேட்டுப் பார்ப்போம்: நம் தறிக்கு என்னென்ன உதவி வருகிறது, எதற்காக வருகிறது, சரியாக வந்து சேர்கிறதா? பெற்றோரும் சலிக்காமல் பதில் சொல்ல வேண்டுகிறோம்.

பொதுப்பணம் என்பது நாம் எல்லோரும் சேர்த்து வைத்த பணம். அது விமானத்திற்குப் போனாலும் தறிக்குப் போனாலும் கணக்குக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. பெற்றதற்குக் கணக்குச் சொல்லும் கடமையும் உண்டு. கணக்குச் சொல்லக் கூடியவர் யார் முன்னும் தலைகுனிய வேண்டியதில்லை.